மூன்றாம் மாடிக்கு வந்த பிரிபடாத பாகம்

கோயம்புத்தூருக்குக் கிழக்கே, பஞ்சாலைகளின் சங்கு ஓய்ந்து வீட்டுமனை விளம்பரப் பலகைகள் பேசத் தொடங்கிவிட்ட காலத்தில், செங்காளிபாளையம் என்னும் இடத்தில், ‘கிரீன் பேரடைஸ்’ என்று பெயர் சூட்டப்பெற்ற நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்று எழுந்து நின்றது. பச்சை என்று சொல்வதற்கு அதன் சுவர்ச் சாயத்தைத் தவிர அங்கே வேறொன்றும் இல்லை என்றாலும், சாயம் நல்ல சாயம் என்பதை அதன் எதிரிகளும் மறுத்ததில்லை. அந்தக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் ஒரு வீட்டை, தங்கள் வாழ்நாளின் முதல் வீடாகவும், வங்கிக் கடன் முடிகிற வயதை நினைத்துப் பார்த்தால் கடைசி வீடாகவும், வசந்தாமணியும் அவள் கணவர் நாச்சிமுத்துவும் வாங்கினார்கள்.

நாச்சிமுத்து ஒரு கிரைண்டர் கடையில் விற்பனையாளர். ஊரில் எவர் புது வீடு கட்டினாலும் சீர்வரிசையாக ஒரு கிரைண்டர் போகும்; கிரைண்டரை ஓட்டிக் காட்ட அவரும் கூடவே போவார்; போன இடத்தில் உண்ணாமல் விடமாட்டார்கள்; இவ்வாறு பிறர் வீட்டுப் பால் காய்ச்சும் பந்திகளில் உட்கார்ந்து உட்கார்ந்தே அவருக்கு வயிறு முன்தள்ளி, தலை முன்வழுக்கையாகி, வயதும் ஐம்பதைக் கடந்திருந்தது.

வசந்தாமணிக்கோ பந்தி நினைவுகள் இல்லை; வாடகை வீடுகளின் நினைவுகளே இருந்தன. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று நாள்காட்டியைக் கையிலேயே வைத்துக்கொள்ளச் சொன்ன வீட்டுக்காரர் ஒருவர். மிளகாய் வறுத்தால் மாடியிலிருந்து தும்மியே திட்டுகிற வீட்டுக்காரம்மாள் ஒருத்தி. விருந்தாளிகள் இரண்டு நாளைக்கு மேல் தங்கினால் தண்ணீர் பற்றாது என்று மோட்டாரின் பொத்தானுக்குப் பூட்டுப் போட்ட மகான் ஒருவர். சிரித்த முகமும் சிடுமூஞ்சியுமாக அவர்கள் பலவகைப்பட்டவர்கள்தாம் என்றாலும், ஏதோ ஒரு மாதத்து முதல் வாரத்தில், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் வந்து நின்று, “காலி பண்ணிக் குடுத்துருங்க” என்று சொல்லும்போது அவர்கள் அனைவருக்கும் ஒரே குரல் வந்துவிடும். அந்தக் குரலை இனி ஒருமுறைகூடக் கேட்கலாகாது என்பதற்காகவே அவள் வீடு வாங்கச் சொன்னாள்; பால்கனிக்காக அன்று, கார் நிறுத்துமிடத்திற்காகவும் அன்று, ஏனெனில் அவர்களிடம் கார் இல்லை.

முதல் வீடு வாங்குகிறவர் எவற்றையெல்லாம் எதிர்பார்க்க வேண்டும் என்பதை முன்பே வாங்கினவர்கள் சொல்வதில்லை. சொன்னால் அடுத்தவர் வாங்கமாட்டார், அடுத்தவர் வாங்காவிட்டால் ஏமாந்தவர் தாம் ஒருவரே என்று ஆகிவிடும் என்னும் அச்சமே அதற்குக் காரணம். ஆகவே வசந்தாமணியும் நாச்சிமுத்துவும் எல்லாவற்றையும் தாமே கண்டறிந்தார்கள். மாதிரி வீட்டில் போட்டிருந்த கட்டிலில் அவள் படுத்துப் பார்த்தபோது கணுக்கால்கள் வெளியே தொங்கின. அறை பெரிதாகத் தெரிவதற்காகக் கட்டிலைச் சிறிதாகச் செய்திருக்கிறார்கள் என்பதை, சொந்தக் கட்டில் வாசலுக்குள் நுழையாமல் நின்ற பிறகே அவள் தெரிந்துகொண்டாள். பேருந்து நிலையம் பத்து நிமிடம் என்று அச்சிட்டிருந்தார்கள். எந்த வாகனத்தில் என்று அச்சிடவில்லை. படத்தில் நீச்சல் குளமாக இருந்தது கட்டடத்தில் தண்ணீர்த் தொட்டியாக முடிந்திருந்தது. வீட்டின் பரப்பு என்று சொன்னதற்குள், ஏறும் படிக்கட்டும், லிஃப்ட் ஓடும் குழியும், காவலாளி நாற்காலி போட்டு உறங்கும் நிழலும் அடங்கியிருந்தன என்பதைக் கேட்டபோது, “அந்த நெழல்ல நாமுளும் போய்த் தூங்கலாங்களா?” என்று மட்டும் அவள் கேட்டாள். குடியிருப்பைக் கட்டி விற்ற புரமோட்டர் கதிர்வேல்சாமி, வீடு விற்பவர்களுக்கே வாய்த்த அந்த இனிய சிரிப்பைச் சிரித்தார்.

பத்திரம் பதிவாகும் நாளில், எழுத்தர் அதை உரக்கப் படித்துக்கொண்டே வந்து, ‘மேற்படி நிலத்தில் பிரிபடாத பாகம் நானூற்றுச் சொச்சம் சதுர அடி’ என்னும் இடத்தை அடைந்தபோது, வசந்தாமணி நிமிர்ந்தாள்.

“ஏனுங்க, அந்த நானூத்திச் சொச்சம் எந்த மூலைலீங்க இருக்குது?”

“மூலையெல்லாம் கெடையாதுங்க்கா,” என்றார் கதிர்வேல்சாமி. “பிரிபடாத பாகம். பால்ல சக்கரை கரைஞ்சாப்பல, மொத்த எடத்துலயும் உங்க எடம் கரைஞ்சு கெடக்குது.”

“சக்கரை கரைஞ்சா நாக்குக்காச்சும் தெரியுமுங்க. இது காலுக்குத் தெரியுமுங்களா?”

“காலுக்கு எதுக்குங்க்கா தெரியோணும்? பத்தரத்துக்குத் தெரிஞ்சாப் பத்தாதா?”

அலுவலகமே சிரித்தது. வாங்கினவர் விற்றவரோடு சேர்ந்து சிரித்தாக வேண்டும் என்னும் முறைமைப்படி நாச்சிமுத்துவும் சிரித்தார். வசந்தாமணி மட்டும் சிரிக்காமல், பெருவிரலில் மையைப் பூசிக்கொண்டு, தன்னுடையது என்று எழுதப்பட்டும் தன் கண்ணில் படாமல் எங்கோ கரைந்து கிடக்கும் அந்த மண்ணை நினைத்து, அதன் நிலையும் வாடகைக்கு இருப்பவர் நிலையைப் போன்றதுதான் போலும் என்று இரங்கினாள்.

கொங்கு நாட்டில் ஒரு விசேடம் என்றால் உறவினரை நேரில் போய்த் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது வழக்கம். அழைத்த பின் வராதவர் பகையாளி, அழைக்கப்படாதவரோ அதைவிடப் பெரிய பகையாளி. பால் காய்ச்சுவதற்கு முந்தின நாள் மாலையில், அழைப்புகளையெல்லாம் முடித்துவிட்டு மஞ்சள் கயிற்றில் சாவியைக் கோத்துக்கொண்டிருந்த வசந்தாமணிக்குத் திடீரென்று மனம் உறுத்தியது. நாத்தனாரின் கொழுந்தனாருக்குக்கூட வெற்றிலை வைத்தாயிற்று. வீட்டையே தாங்கப் போகிற சொந்த மண்ணுக்கு வைக்கவில்லையே. எந்த மூலை என்று தெரியாவிட்டால் என்ன, கரைந்து கிடப்பவர் எங்கிருந்து அழைத்தாலும் கேட்கத்தானே செய்வார் என்று தேறி, அவள் தாம்பாளத்தோடு கீழே இறங்கி, கார் நிறுத்துமிடத்தில் தளக்கல் பதிக்காமல் விட்டிருந்த ஓர் ஓரத்தில் குந்தி, வெற்றிலையை வைத்து, குங்குமம் இட்டு, உறவினரிடம் பேசும் அதே குரலில் பேசினாள்.

“நாளைக்கு வெள்ளிக்கெழமை காலைல மூணாம் மாடீல பால் காச்சறோமுங்க. நீங்க அவசியம் வந்திரோணும். ஒருத்தராட்ட வந்துட்டுப் போயரக் கூடாது. குடும்பத்தோட, சுற்றம் சூழ வந்து, இருந்து, சாப்டுட்டுப் போகோணும்.”

கணவர் இதைப் பார்த்துவிட்டு, “ஏம்மிணி, ஆருகிட்டப் பேசறே?” என்று கேட்டார். “நம்ம எடத்தோட,” என்றாள் அவள். அது நியாயமாகவே பட்டதால் அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

மறுநாள் காலையில், புது வீட்டுக்குள் முதலில் மாடு நுழைய வேண்டும் என்பதற்காக, இத்தகைய குடியிருப்புகளுக்கென்றே லிஃப்ட்டில் ஏறிப் பழக்கப்பட்ட மாடு ஒன்றைக் கதிர்வேல்சாமி வரவழைத்திருந்தார். அது மிகுந்த அனுபவமுடையது. மூன்றாம் மாடி விளக்கு எரிந்ததும் தானாகவே முன்காலை எடுத்து வைத்தது. மாடு வந்தது, பால் பொங்கியது, பெண்கள் குலவையிட்டார்கள். அந்த வேளையில், லிஃப்ட்டை மாடு பிடித்துக்கொண்டிருந்தபடியால், வசந்தாமணியின் பிரிபடாத பாகம் படிக்கட்டு வழியாக ஏறி வந்தது.

நானூற்றுச் சொச்சம் சதுர அடியும், ஓர் ஆள் இடுப்பளவு கனமும் கொண்ட செம்மண், படிக்குப் படி மூச்சு வாங்கி, வயதானவர்களைப் போலக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து இளைப்பாறி, வாசற்படிக்கு வந்ததும் உள்ளே வரலாமா என்று தயங்கி நின்றது. அழைத்தபடியே சுற்றம் சூழ வந்திருந்தது: மண்புழுக்கள், நத்தைகள், வரிசை கலையாத கட்டெறும்புகள், எப்பொழுதோ இடிந்த ஒரு வீட்டின் ஓட்டுச் சில்லுகள், யாருடையதோ தெரியாத உடைந்த வளையல்கள், நடுவே விருந்துக்கென்று தலைவாரிக்கொண்டதுபோல் ஓர் ஆமணக்குச் செடி.

“வாங்க வாங்க,” என்றாள் வசந்தாமணி. “ஏனுங்க இவ்வளவு நேரம்?”

மண் உள்ளே வந்து, நடுக்கூடத்தில், மற்றவர்களுக்கு இடைஞ்சல் இல்லாதபடி தன்னைப் பரப்பிக்கொண்டு அமர்ந்தது. இருப்பதற்குள் இருக்கப் பழகியவர்கள்போல் உறவினர்கள் இலைகளைச் சற்று நகர்த்திப் போட்டுக்கொண்டார்கள். ஒருவர் தம் நாற்காலிக்கு அடியில் மண் சமமாக இல்லை என்றார். ஒருவர் நத்தைக்கு வழிவிட்டார். வந்தவர்களுக்கு இலை போடாமல் இருக்கலாகாது என்று, மண்ணுக்கும் ஓர் இலை போட்டு, சோறு வைத்து, நாச்சிமுத்து ரசம் ஊற்றினார். ஊற்ற ஊற்ற அது உறிஞ்சிக்கொண்டது.

“ரசம் நல்லாருக்குதாட்ட இருக்குது,” என்றார் அவர் மகிழ்ச்சியோடு.

நாச்சிமுத்துவின் அக்காள் துளசிமணி மட்டும் இலையின் முன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். “எங்களையெல்லாம் போன்ல கூப்புட்டுப் போட்டு, மண்ணுக்கு மட்டும் நேர்ல போயி வெத்தல வெச்சிருக்கீங்க. தம்பி, ஒண்ணு சொல்றேன், மறக்கமாட்டேன்.”

“அக்கா, ஒனக்கு நேர்லதான வெத்தல வெச்சோம்?”

“எனக்கு வெச்சீங்க. என்ற மகளுக்கு?”

மண் வந்ததைக் குறித்து அன்று எழுந்த சச்சரவு இது ஒன்றே.

மாலையில் உறவினர்கள் போனார்கள், மாடும் போயிற்று, மண் போகவில்லை. இருந்து போகும்படி அழைத்தது தானே என்பதால் வசந்தாமணி அதைப் பிழையாகக் கொள்ளவில்லை. அதற்கு மாறாக, எந்த வீட்டுக்காரரின் முகத்தையும் பாராமல், எந்த மோட்டார் பூட்டையும் நினையாமல், இத்தனை நாள் என்று கணக்குச் சொல்லாமல், ஒரு விருந்தாளியைத் தன் வீட்டில் தங்கவைக்க முடிகிறதே என்னும் பெருமிதத்தில், காலையில் காப்பி போடும்போது மண்ணுக்கும் ஒரு சொம்பு தண்ணீர் தெளித்துவிட்டு, “நல்லாத் தூங்குனீங்களா?” என்று விசாரிப்பதை அவள் வழக்கமாக்கிக்கொண்டாள்.

மண் எங்கிருந்து வந்ததோ அங்கே ஒரு பள்ளம் விழுந்திருந்தது. அந்தப் பள்ளத்தில், குடியிருப்போர் சங்கத்தின் செயலாளரும் ஓய்வுபெற்ற தணிக்கை அதிகாரியுமான தேவசகாயத்தின் கார் மூக்குக் குத்தி நின்றது. காரை எடுப்பதா, காரணத்தைக் கண்டுபிடிப்பதா என்னும் கேள்வி எழுந்தபோது, தம் தொழிலுக்கு ஏற்பக் காரணத்தைத் தேடி அவர் மூன்றாம் மாடிக்கு வந்தார்.

“அம்மா, இந்த மண் யாருடையது?”

“எங்களுதுங்க. பத்தரத்துல இருக்குது.”

“பத்திரத்தில் பிரிபடாத பாகம் என்று இருக்கிறது,” என்றார் தேவசகாயம், மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி. “பிரிபடாதது என்றால் என்ன? ஒவ்வொரு துகளிலும் ஒவ்வொருவருக்கும் பங்கு உண்டு என்று பொருள். இந்த மண்புழுவிலும் எனக்குப் பங்கு இருக்கிறது. ஆகவே இது பொது இடம். பொது இடம் உங்கள் கூடத்தில் இருப்பதால், உங்கள் கூடமும் பொது இடம்.”

இந்த வாதத்தில் ஓட்டை எங்கே என்று நாச்சிமுத்து தேடினார். கிரைண்டரில் ஓட்டை இருந்தால் மாவு ஒழுகிக் காட்டிக்கொடுக்கும், வாதத்தில் அப்படி ஒன்றும் ஒழுகவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்கம் தீர்மானம் நிறைவேற்றியது. பொது இடத்துக்குத் தாழ்ப்பாள் ஆகாது என்று கதவின் தாழ்ப்பாளைக் கழற்றினார்கள். சுவரில், சொந்தக்காரியே இன்னும் ஓர் ஆணி அடித்திராத அந்தச் சுவரில், பத்து ஆணிகளை அடித்து, ‘செடிகளைப் பறிக்காதீர்’, ‘எறும்புகளுக்கு உணவிடாதீர்’, ‘வளர்ப்பு நாய்கள் காலை ஆறு முதல் ஏழு வரை’ என்று பலகைகள் மாட்டினார்கள். விடிந்ததும் முதல் மாடிக்காரர்கள் நடைப்பயிற்சிக்கு வந்து ஆமணக்கைச் சுற்றிச் சுற்றி நடந்தார்கள். அவர்களுக்குப் பின் சிரிப்புச் சங்கத்தார் வந்து, கைகளை உயர்த்திக் காரணமில்லாமல் சிரித்துவிட்டுக் காரணத்தோடு காப்பி கேட்டார்கள். மாலையில் பிள்ளைகள் வந்து மட்டைப்பந்து ஆடினார்கள். கணவனும் மனைவியும் சமையலறைக்குக் குடிபெயர்ந்தார்கள். படுக்கையறைக்குப் போக வேண்டுமானால் பொது இடத்தைக் கடக்க வேண்டும். கடக்கும்போது, “ஓரமாகப் போங்கள், ஆட்டம் நடக்கிறது” என்பார்கள். பொது இடத்துக்கு நிழல் தருவதற்காக ஒரு பராமரிப்புக் கட்டணமும் அவர்கள்மீதே விதிக்கப்பட்டது.

“நம்ம வீட்டுக்குள்ள நாம ஓரமாப் போறமுங்க,” என்றாள் வசந்தாமணி.

“அனுசரிச்சுப் போலாம் அம்மிணி. சொந்த வீடுன்னா நாலு பேரு வரத்தாஞ் செய்வாங்க.”

புரமோட்டர் கதிர்வேல்சாமி இந்த அற்புதத்தைக் கேள்விப்பட்டதும், அது நிகழ வேண்டும் என்று தாம் முதலிலிருந்தே திட்டமிட்டிருந்ததாக நினைவுகூர்ந்தார். புதிய விளம்பரத் தாள்களில் ‘ஒவ்வொரு மாடியிலும் தாய்மண்’ என்று அச்சாயிற்று. வாடிக்கையாளர்களை அழைத்து வந்து, சமையலறை வாசலில் நின்றிருந்த வசந்தாமணியைச் சுட்டி, “இவங்க நம்ம ஹேப்பி கஸ்டமர். அக்கா, கொஞ்சம் சிரிங்க்கா,” என்பார்.

மண் ஒரு வீட்டுக்கு வந்ததைப் பார்த்த மற்ற வீட்டுக்காரர்களுக்குத் தங்கள் பாகத்தின்மேல் திடீரென்று பாசம் பிறந்தது. ஒருவர் வாட்ஸ்அப்பில் அழைப்பு விடுத்தார். ஒருவர் வழவழப்பான அட்டையில் அச்சடித்துக் கார் நிறுத்துமிடத்தில் வீசினார். ஒருவர் ஒலிபெருக்கி வைத்தார். எந்த மண்ணும் அசையவில்லை. நேரில் போய் அழைத்தவர்கள்கூட, “நீங்க மட்டும் வாங்க, பூச்சி புழுவெல்லாம் வேண்டாம், கிரானைட் தரை, பார்த்து வாங்க” என்று சொன்னார்கள், அப்படி அழைத்தால் எந்தச் சொந்தம் வரும்? அழைத்தும் வராத மண்ணின்மேல் எழுந்த கோபம், வந்து உட்கார்ந்த மண்ணின்மேல் திரும்பியது. நேற்றுவரை நடந்து நடந்து மெலிந்தவர்கள், தூசி என்றார்கள், ஒவ்வாமை என்றார்கள், கட்டடத்துக்குப் பாரம் என்றார்கள்.

இதற்கிடையில் கடன் கொடுத்த வங்கியிலிருந்து மதிப்பீட்டாளர் ஒருவர் வந்து, கூடத்தைச் சுற்றிப் பார்த்து, வீட்டுக் கடன் என்பது நிலத்தின்மேல் வீடு இருந்தால் கொடுப்பது என்றும், வீட்டின்மேல் நிலம் இருந்தால் அதற்கு எந்த விதியும் இல்லை என்றும், ஆமணக்கு இருப்பதால் வேண்டுமானால் பயிர்க் கடனுக்கு விண்ணப்பிக்கலாம் என்றும் சொல்லி, காலணியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுப் போனார்.

கடைசியில் தேவசகாயம் ஆள்வைத்து மண்ணைச் சட்டிகளில் அள்ளிக் கீழே கொட்டச் செய்தார். ஆட்கள் கூலி வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள், மண் அவர்களைக் கடந்து படியேறி வந்து, தன் இடத்தில் அமர்ந்து, ஆமணக்கை நேராக நிறுத்திக்கொண்டது. தோற்றவர்கள் சிந்திக்கத் தொடங்கினார்கள். அழைத்தவள் அவள்; ஆகவே அவள் வாயால் போகச் சொன்னாலொழியப் போகாது என்று தேவசகாயம் முடிவுகட்டினார். ஒரு பிற்பகலில் அவரும் கதிர்வேல்சாமியும் சமையலறை வாசலுக்கு வந்தார்கள். செருப்பைக் கழற்றவில்லை, பொது இடத்தின் வழியாக வந்தவர்கள் கழற்ற வேண்டியதில்லை.

“ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழு,” என்றார் தேவசகாயம். “அனைவர் முன்னிலையிலும் நீங்கள் அதைப் போகச் சொல்ல வேண்டும். மறுத்தால் தண்ணீரும் மின்சாரமும் நிறுத்தப்படும் என்று தீர்மானம் ஆகியிருக்கிறது.”

“அக்கா, சங்கடப்படாதீங்க,” என்றார் கதிர்வேல்சாமி. “மண்ணு போகலீன்னா நீங்க இத காலி பண்ணிக் குடுத்துருங்க. அன்னூர் தாண்டி நம்ம புது ப்ராஜெக்ட்ல மாத்தித் தர்றேன். அருமையான எடம்.”

“கட்டியாச்சுங்களா?”

“படம் வரைஞ்சாச்சு.”

வசந்தாமணி அதன்பின் அவர்கள் சொன்னவை எவற்றையும் கேட்கவில்லை. சொந்த வீடு வாங்கினால் கேட்காது என்று நம்பிய அந்தக் குரல், சொந்த வீட்டுக்குள் புகுந்து, சொந்தச் சமையலறை வாசலில், அதே இனிமையோடு நின்றுகொண்டிருந்தது.

அவர்கள் போன பிறகு நாச்சிமுத்து அவள் பக்கத்தில் குந்தினார். “ஒரு வார்த்தைதான அம்மிணி. சொல்லிப்போட்டா வீடு தங்குது. மண்ணுக்கென்ன, கீழ போயிக் கெடந்துக்கும்.”

“ஒரு வார்த்தைதானுங்க. நம்மளச் சொன்னவங்களும் ஒரு வார்த்தைதானுங்க சொன்னாங்க. நாம ஒவ்வொரு தடவையும் பாத்திரத்தக் கட்டிட்டுப் போகலீங்களா?”

“அப்ப நாஞ் சொல்றேன்.”

“சொல்லுங்க பாக்கலாம்.”

நாச்சிமுத்து எழுந்தார். எவ்வளவு முரட்டு வாடிக்கையாளரையும் பேசி மடக்கிய நாவு அவருடையது. கூடத்தின் நடுவில் போய் நின்று, தொண்டையைச் செருமி, இடுப்பில் கைவைத்து, மண்ணைப் பார்த்து, தமக்கு நினைவிருந்த வீட்டுக்காரர்களில் மிகக் கொடியவரின் முகத்தை அணிந்துகொள்ள முயன்றார். ஒரு மண்புழு தலையைத் தூக்கி, என்ன செய்தி என்பதுபோல் அவரைப் பார்த்தது.

“வந்து… மோர் கீர் ஏதாச்சும் குடிக்கறீங்களா?” என்றார் நாச்சிமுத்து.

திரும்பி வந்து உட்கார்ந்து, “நம்ம சாதகத்துல அந்த வார்த்தை இல்ல அம்மிணி,” என்றார். வசந்தாமணி, அத்தனை துயரத்திலும், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும் அவளுக்கு அச்சம் வந்தது. சொன்னால், வாழ்நாளெல்லாம் தான் வெறுத்த குரல் தன் தொண்டையில் குடியேறிவிடும். சொல்லாவிட்டால், இந்த வயதில் பாத்திரங்களை மறுபடியும் சாக்கில் கட்ட வேண்டும். வீட்டை வாங்கியாயிற்று, வீட்டுக்காரியாவது எப்படி என்று பத்திரத்தில் எழுதியிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழு கூடியது. நான்கு மாடிக்காரர்களும் வந்து, பிளாஸ்டிக் நாற்காலிகளை மண்ணின்மேல் போட்டு, நாற்காலிக் கால்கள் புதையப் புதைய அசைத்து அமர்ந்தார்கள். கதிர்வேல்சாமி இரண்டு வாடிக்கையாளர்களோடு வந்திருந்தார். சிலர் வேடிக்கை பார்க்க வந்த தங்கள் விருந்தினரையும் அழைத்து வந்திருந்தார்கள். பிஸ்கட் கொடுக்கப்பட்டது. தேவசகாயம், மண் என்பது யாது, மாடி என்பது யாது, ஒன்றின்மேல் ஒன்று இருக்க வேண்டிய முறை யாது என்று விரிவாகப் பேசி, தீர்மானத்தைப் படித்து, கண்ணாடியைக் கழற்றினார்.

“அம்மா, சொல்லுங்கள். ஒரே வார்த்தை.”

வசந்தாமணி சமையலறை வாசலிலிருந்து கூடத்துக்குள் வந்தாள். மண் எதுவும் அறியாததுபோல், இத்தனை பேரையும் சுமந்துகொண்டு, அசையாமல் அமர்ந்திருந்தது. அதன் ஓரத்தில் ஒரு நத்தை, நசுங்கிவிடாதபடி, நாற்காலிக் காலைச் சுற்றிக்கொண்டு போனது. அவள் கூட்டத்தை ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். சிரிப்புச் சங்கத்தார், நடைப்பயிற்சிக்காரர், மட்டைப்பந்துப் பிள்ளைகளின் தகப்பன்மார், பலகை மாட்டியவர், தாழ்ப்பாளைக் கழற்றியவர். இவர்களில் ஒருவரையேனும் தான் வீட்டுக்கு அழைத்ததுண்டா என்று அவள் மனத்துக்குள் தேடிப் பார்த்தாள். இவர்களில் ஒருவரேனும் வாசற்படியில் நின்று, வரலாமா என்று தயங்கியதுண்டா என்றும் தேடிப் பார்த்தாள். அந்தக் கூடத்தில் அவள் அழைத்ததால் வந்தவர் ஒருவரே. வாசலில் தயங்கி நின்றவரும் அவர் ஒருவரே.

“எந்திரிங்க,” என்றாள் வசந்தாமணி.

அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. ஆனால் வீட்டுக்காரர்களின் குரலாக இல்லை.

“எந்திரிச்சு வெளிய போங்க. என்ற வீட்டக் காலி பண்ணிக் குடுங்க.”

அவள் கண்கள் எங்கே இருந்தன என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை. அனைவரும், தேவசகாயம் உட்பட, திருப்தியோடு குனிந்து தங்கள் காலடியைப் பார்த்தார்கள்.

மண் பண்பு தெரிந்த மண். வீட்டுக்காரி சொல்லிவிட்டபின் ஒரு கணமும் தங்குவது முறையன்று என்று அது உடனே எழுந்திருக்கத் தொடங்கியது. முதலில் சுவரோரத்து விளிம்புகள் எழுந்தன, பிறகு நடுப்பகுதி திமிலைப் போல் உயர்ந்தது, எறும்புகள் வரிசையைச் சரிசெய்துகொண்டன, ஆமணக்கு தன் இலைகளை ஒடுக்கிக்கொண்டது. மண் முழுதாக முதுகை நிமிர்த்தியபோது, அதன்மேல் இருந்த நாற்காலிகளும், நாற்காலிகளில் இருந்த பொதுக்குழுவும், தீர்மானத் தாளும், பிஸ்கட் தட்டும், கதிர்வேல்சாமியும் அவருடைய வாடிக்கையாளர்களும், தாழ்ப்பாள் இல்லாத வாசல் வழியாக வழுக்கிக்கொண்டு போய், லிஃப்ட்டுக்கு முன்னால் ஒருவர்மேல் ஒருவராக, எவர் கால் எவருடையது என்று பிரிக்கவியலாத ஒரு குவியலாக விழுந்தார்கள்.

மண் வெட்கத்தோடு, தன் சுற்றத்தைத் திரட்டிக்கொண்டு, வாசலை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தது.

வசந்தாமணி பதறி, அதன் முன்னே போய் இரு கைகளையும் விரித்து நின்றாள்.

“அய்யோ, நீங்க ஏனுங்க எந்திரிச்சீங்க? உங்களச் சொல்லலீங்க,” என்றாள். “நீங்க உக்காருங்க.”

மண் உட்கார்ந்தது.